மந்திரிமாரும் அரட்டையும்

மந்திரிமார் அரட்டையில் இறங்கிவிட்டார்கள் என்றால், முன்னாளில் அது கண்டனத் தலையங்கத்துக்கு உரிய விஷயம். 2025-ஆம் வருஷம் செப்டம்பர் மாதக் கடைசியில் அதுவே பெருமைக்குரிய செய்தியாக மாறிற்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ கம்பெனியார் 2021-இல் வெளியிட்டு, நம் தாய்மொழியிலேயே ‘அரட்டை’ என்று நாமகரணம் செய்த கைபேசிச் செயலி, நாலு வருஷ காலம் அதிகம் பேர் கண்ணில் படாமல் கிடந்து, திடீரென்று தேசமெங்கும் பேசப்படலாயிற்று. நாளொன்றுக்கு 3,000 பேர் புதிதாகச் சேர்ந்துகொண்டிருந்தது மூன்றே நாட்களில் 3,50,000 ஆக உயர்ந்துவிட்டதென்று அக்கம்பெனியின் ஸ்தாபகர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அவர்கள் அறிவித்தார். அவர் வசிப்பது தென்காசிச் சீமையில்; விருதுநகர் ஜில்லாவின் எல்லையைத் தாண்டினால் அவருடைய ஜில்லா. ஆகவே நம் பக்கத்து ஜனங்களுக்கு இதில் அயல்வீட்டுப் பெருமையும் கலந்திருந்தது. அது இயற்கையே. நமக்கும் அந்தப் பெருமை உண்டு என்பதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அப்பொழுது அமெரிக்க சர்க்கார் நம் சரக்குகளின்மீது நூற்றுக்கு 50 வீதம் வரி விதித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பிரதம மந்திரி சுதேசிச் சரக்குகளையே வாங்கும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த உணர்ச்சி வெள்ளத்தில் ‘இன்ன மந்திரி சேர்ந்தார், இன்ன தலைவர் சேர்ந்தார்’ என்னும் செய்திகளும் மிதந்து வந்தன. நாம் இங்கே விசாரிக்கப் புகுவது அரட்டை நல்லதா கெட்டதா என்பதையன்று. தலைவர் ஒருவர் ஒன்றில் ‘சேர்ந்தார்’ என்று கையிலிருக்கும் கருவியில் ஒரு வரி வந்தால், அதை மற்றவர்க்கு அனுப்புமுன் தொண்டன் ஒருவன் என்ன பார்க்கவேண்டும் என்பதே நம் விஷயம்.

இதைச் சிவகாசியில் வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பேர்போன அந்த ஊரே லேபிளுக்கும் பேர்போனது. பெட்டி செய்கிறவர்களுக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சாபீஸ்கள் தோன்றின. பிறகு காலண்டரும் புத்தகமும் தேசத்துக்கெல்லாம் அங்கிருந்தே போகலாயின. தெய்வங்கள், மிருகங்கள், தேசத் தலைவர்கள் ஆகிய எல்லோரும் தீப்பெட்டியின் மேலே வீற்றிருந்தார்கள். பெட்டியில் தலைவர் படம் இருப்பதால் தலைவர் அந்தத் தீக்குச்சியைக் கிழித்துப் பார்த்து மெச்சினார் என்று லேபிள் ஒட்டிய பெண்பிள்ளைகள்கூட எண்ணியிரார்கள். படம் வேறு, சம்மதம் வேறு, உபயோகம் வேறு. இம்மூன்றையும் கைபேசியில் கண்டவுடன் நாம் ஒன்றாக்கிவிடுகிறோம்.

2025-ஆம் வருஷத்துச் செய்தியைப் பிரித்துப் பார்ப்போம். கல்வி மந்திரி ஸ்ரீ தர்மேந்திர பிரதான் அரட்டையை ஜனங்கள் உபயோகிக்கவேண்டுமென்று தம் பெயரிலேயே எழுதினார். வர்த்தக மந்திரி ஸ்ரீ பியூஷ் கோயல் தாம் அரட்டையில் இருப்பது பற்றிப் பெருமை கொள்வதாக எழுதினார். இவ்விரண்டும் மெய். ரெயில்வே மந்திரி ஸ்ரீ அசுவினி வைஷ்ணவ் சங்கதி என்ன? செப்டம்பர் 22-ஆம் தேதி அவர் ‘ஜோஹோவுக்கு மாறுகிறேன்’ என்று அறிவித்தது உண்மையே. ஆனால் அவர் குறிப்பிட்டது தஸ்தாவேஜுகளும் கணக்குப் பட்டிகளும் எழுதுகிற காரியாலயக் கருவிகளை. அது அதே கம்பெனியின் வேறொரு சரக்கு. உள்துறை மந்திரி ஸ்ரீ அமித் ஷா அக்டோபர் 8-ஆம் தேதி அறிவித்ததோ மின்தபால் விலாச மாற்றம். அதுவும் ஜோஹோவுடையதே, அதுவும் அரட்டை அன்று. அவர் வெளியிட்ட விலாசத்திலே கட்சியின் பெயர் சேர்ந்திருந்தது என்பதையும் கவனிக்கவேண்டும். உள்துறைக் காரியாலயத்தின் தபாலைப் பற்றி அந்த அறிவிப்பு ஒன்றும் சொல்லவில்லை.

ஆக நாலு மந்திரிகள், ஒரே கம்பெனி, மூன்று வெவ்வேறு சரக்குகள். இவற்றையெல்லாம் குழைத்து ‘மத்திய மந்திரிகள் நால்வரும் அரட்டையில் சேர்ந்தார்கள்’ என்று ஒருவன் எழுதினால், அதில் பாதி மெய்யும் பாதி பொய்யும் இருக்கும். முழுப் பொய்யைக் கண்டுபிடிப்பது சுலபம். பாதி மெய்தான் பொல்லாதது. அதை மறுக்கப் போகிறவனிடம் மெய்யான பாதியை எடுத்துக் காட்டி வாயை அடைத்துவிடலாம்.

இன்னொரு குழப்பம் இதைவிடப் பெரிது. அரட்டையைச் ‘சர்க்கார் செயலி’ என்று பலர் சொல்லக் கேட்டோம். அது சர்க்காருடையது அன்று. ஜோஹோ தனியாருக்குச் சொந்தமான கம்பெனி. மந்திரிகள் வெளிப்படையாக ஆதரித்தார்கள். கல்வி இலாகா 2025 அக்டோபரில் தன் உத்தியோகஸ்தர்கள் ஜோஹோவின் காரியாலயக் கருவிகளை உபயோகிக்கும்படி உத்தரவிட்டது. சர்க்காரின் ஆதரவு உண்டு என்பதற்கு இவை போதும். சர்க்காருடைய உடைமை என்பதற்கு இவை போதா. சர்க்காரே கட்டிய செய்திச் செயலி வேறொன்று உண்டு. அதன் பெயர் ‘சந்தேஷ்’. மத்திய சர்க்காரின் தேசியத் தகவலியல் மையத்தார் செய்தது. முக்கியமாகச் சர்க்கார் உத்தியோகஸ்தர்களை உத்தேசித்தது. விருதுநகர்க் கலெக்டர் கச்சேரி உள்பட எல்லா ஜில்லாக்களிலும் அம்மையத்துக்குக் கிளை உண்டு. இருந்தும் சந்தேஷின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் அரட்டையைச் சர்க்காருடையதென்று சத்தியம் செய்கிறார்கள். விளம்பரத்தின் விசித்திரம்!

சர்க்காரின் ஆதரவு என்ற சொல்லுக்கு எல்லாத் தேசங்களிலும் ஒரே எடை இல்லை என்பதற்கு ருஷியாவைப் பார்க்கலாம். அங்கே ‘மாக்ஸ்’ என்ற செயலியை வி.கே. என்னும் கம்பெனி செய்தது. 2025 ஜூன் 24-ஆம் தேதி அதிபர் புட்டின் தேசியச் செய்திச் செயலி ஒன்றுக்கான சட்டத்தில் கையொப்பமிட்டார். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அத்தேசத்தில் விற்கும் கைபேசிகளில் மாக்ஸ் முன்கூட்டியே பதிக்கப்பட்டிருக்க வேண்டுமென்று விதி வந்தது. அதற்கு முன்னதாகவே, ஆகஸ்டு மாதத்தில், வாட்ஸாப் மூலமும் டெலிகிராம் மூலமும் பேசுவதற்குத் தடைகள் ஏற்படுத்தினார்கள். அங்கே ஒரு ராஜாங்கத் தலைவர் மாக்ஸில் சேர்ந்தார் என்பதற்கும், இங்கே ஒரு மந்திரி அரட்டையில் சேர்ந்தார் என்பதற்கும் பொருள் ஒன்றாகுமா? ஒன்று சட்டத்தின் நிழலில் நடப்பது. மற்றது வேண்டுகோளின் உருவில் நடப்பது. மந்திரியின் வேண்டுகோளை எந்தக் கீழ் உத்தியோகஸ்தன் வேண்டுகோளாகவே எடுத்துக்கொள்ளுவான் என்று யாராவது கேட்டால், அதுவும் நியாயமான கேள்வியே. ஆனால் ருஷியாவில் நடந்ததை இங்கே நடந்ததாகவும், இங்கே நடந்ததை ருஷியாவில் நடந்ததாகவும் மாற்றிச் சொல்லுவதற்கு அது அனுமதிச்சீட்டு ஆகாது.

சரி, ஒரு செய்தி வருகிறது. 2025 தீபாவளி அக்டோபர் 20-ஆம் தேதி. அதற்கு முந்திய நாட்களில் சிவகாசியிலும் சாத்தூரிலும் விருதுநகரிலும் கைபேசி ஓய்வதில்லை. ஆர்டரும், விலைப்பட்டியும், லாரி புறப்பட்ட சேதியும் அதிலேயே போய் வருகின்றன. அவ்வேளையில், ‘உள்துறை மந்திரி அரட்டையில் சேர்ந்துவிட்டார், வாட்ஸாப் தீபாவளிக்குள் நிற்கப்போகிறது, உடனே எல்லோரும் மாறிவிடுங்கள்’ என்று ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன சரித்திரம் தெரிந்தவன் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிடுவான்: மந்திரி சொன்னது மின்தபாலைப் பற்றி அல்லவா? தெரியாதவன் மூன்றாவது வாக்கியத்தை நிறைவேற்றிவிட்டுத்தான் மூச்சுவிடுவான். வடக்கேயிருந்து சரக்குக் கேட்கும் வியாபாரி பழைய இடத்தில் தேட, இவன் புதிய இடத்தில் காத்திருக்க, வருஷத்தில் ஒரு தரம் வருகிற பருவம் கைநழுவும்.

இதில் யாரைக் கேட்பது? மந்திரியைத்தான் கேட்கவேண்டும், அதாவது அவர் நெடுநாளாகத் தம் பெயரில் நடத்திவரும் பகிரங்கக் கணக்கையோ, அவருடைய காரியாலயத்தின் அறிக்கையையோ பார்க்கவேண்டும். அங்கே அந்த வாக்கியம் இருக்கிறதா? எந்தத் தேதியில் இருக்கிறது? அவர் எழுதிய சொல் எது? ‘ஆதரிக்கிறேன்’ என்பது ஒரு சொல். ‘சேர்ந்தேன்’ என்பது வேறு சொல். ‘இனி இதன் மூலமே என்னோடு தொடர்பு கொள்ளுங்கள்’ என்பது மூன்றாவது. படம் பிடித்து அனுப்பப்பட்ட திரைநகலை ருசுவாக வைத்துக்கொள்ளக் கூடாது. காலண்டர் அச்சடிக்கும் ஊர்க்காரர்களுக்கு, எந்தப் படத்தின் கீழும் எந்த எழுத்தையும் கோக்கலாம் என்பதை நாமா சொல்லவேண்டும்?

செயலிக்குள்ளேயே தேடி ‘அதோ மந்திரியின் பெயரும் படமும் இருக்கிறதே!’ என்பாரும் உண்டு. ஒரு கைபேசி எண்ணும், அதற்கு வரும் ரகசிய இலக்கமும் இருந்தால் அரட்டையில் எவரும் கணக்குத் தொடங்கலாம். பெயரையும் படத்தையும் தொடங்குகிறவன்தான் இடுகிறான். ஆகவே அங்கே காணும் பெயர், அப்பெயருடையவர் வந்தார் என்பதற்குத் தானே சாட்சியாகாது. அவர் தம்முடைய பழைய, ஐயமற்ற இடத்திலிருந்து ‘அது நானே’ என்று சொல்லியிருக்கவேண்டும். மறுபுறமும் உண்டு: தேடியும் பெயர் அகப்படவில்லை என்பதால் அவர் சேரவே இல்லை என்று கூறிவிடவும் கூடாது. தெரியாததைத் தெரியாதது என்று விட்டுவைப்பது நம் பிரசாரகர்களுக்கு மிகவும் கஷ்டமான காரியம்.

கலெக்டர் பெயரிலோ, வெடிமருந்து லைசென்ஸ் அதிகாரி பெயரிலோ ஒருவன் புதுச் செயலியில் கணக்குத் தொடங்கி, ‘மந்திரியே இங்கே வந்துவிட்டார், இனி எல்லா உத்தரவும் இதில்தான்’ என்று எழுதினால் என்ன ஆகும் என்பதைப் பட்டாசு முதலாளிகள் சற்று எண்ணிப் பார்க்கட்டும். மந்திரி வந்ததாகச் சொல்லுகிற பொய், அடுத்த பொய்க்குக் கதவைத் திறந்து வைக்கிறது.

நமக்கு அனுகூலமான பொய்யைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தக் கட்டுரை எழுத முக்கியக் காரணமே அதுதான். சீனாவிலிருந்து விசேஷப் பட்டாசுகள் வருகின்றன, அவற்றின் புகையால் ஆஸ்துமாவும் கண்ணோயும் பரவும் என்று, உள்துறை இலாகாவின் பெயரைப் போட்டு ஒரு செய்தி தீபாவளிக் காலங்களில் உலாவியது. அத்தகைய தகவல் எதையும் அவ்விலாகா வெளியிடவில்லை என்று மத்திய சர்க்காரின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2021-இல் மறுத்தது. லைசென்ஸ் இல்லாமல் அந்நியப் பட்டாசு இறக்குமதி செய்வது சட்டவிரோதம் என்பது மெய். அது நம் தொழிலாளர் வயிற்றில் அடிப்பது என்பதும் மெய். மெய்யான வாதம் இரண்டு கையில் இருக்கும்போது, இல்லாத அதிகாரி எழுதாத கடிதத்தை ஏன் தூக்கிக்கொண்டு திரியவேண்டும்? அதைப் பரப்பியவன் பொய்யென்று வெளிப்பட்ட பிறகு, கள்ள இறக்குமதியைப் பற்றி அவன் சொல்லும் மெய்யையும் கேட்பாரில்லை.

சிவகாசியின் சொந்தச் சரித்திரம் வேறு பாடம் சொல்லுகிறது. 1922-இல் ஸ்ரீ பி. அய்ய நாடாரும் ஸ்ரீ ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, மறு வருஷம் சிவகாசியில் தொழில் தொடங்கினார்கள். அதே 1923-இல்தான் ஸ்வீடன் தேசத்து முதலாளிகள் ‘வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனி’யை நம் நாட்டில் நிறுவினார்கள். யந்திரமும் மூலதனமும் அவர்கள் பக்கம். வறண்ட பூமியும் கைத்திறனும் இவர்கள் பக்கம். இவர்கள் குச்சி கிழித்தால் பற்றியது, அதனால் விற்றது. தூத்துக்குடியில் 1906-இல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் ‘காலியா’, ‘லாவோ’ என்று கண்ணுக்குத் தெரிந்த கப்பல்கள் இருந்தன. சந்தேகப்பட்டவன் துறைமுகத்தில் நின்று பார்க்கலாம். கைபேசிக்குள் நடப்பதை அப்படிக் கரையில் நின்று பார்க்க முடியாது. அதனால்தான் இங்கே சாட்சி விசாரணை அதிகம் வேண்டியிருக்கிறது.

அரட்டையைப் பற்றியே ஒரு மந்திரி ‘பாதுகாப்பானது’ என்று எழுதினார். 2025 அக்டோபர் மாதத்தில் இருந்த நிலைமை என்னவெனில், குரல் பேச்சும் முகம் பார்த்துப் பேசும் பேச்சும் இரு முனைகளுக்கிடையே பூட்டப்பட்டிருந்தன. எழுத்தில் போகும் செய்திகளுக்கு அந்தப் பூட்டு அப்பொழுது இன்னும் வரவில்லை. வேலை நடக்கிறதென்று கம்பெனியாரே ஒப்புக்கொண்டார்கள். கம்பெனி ஒளிக்காததை ஆதரவாளர் ஒளிப்பது வேடிக்கையாகும். ரகசியமாக யோசனை நடத்தும் கட்சிக்காரர்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

‘சேர்ந்தார்’ என்பது எத்தனை நாளைக்கு என்பதும் ஒரு கேள்வி. 2021 பிப்ரவரியில், விவசாயிகள் கிளர்ச்சியை ஒட்டி ட்விட்டர் கம்பெனிக்கும் மத்திய சர்க்காருக்கும் தகராறு முற்றியபோது, ‘கூ’ என்ற சுதேசிச் சமூகத்தளத்தில் மந்திரிகள் சேர்ந்தார்கள். இப்பொழுது அரட்டையில் பெருமை கொண்ட அதே ஸ்ரீ பியூஷ் கோயல்தான் அன்று ‘நான் கூவில் இருக்கிறேன்’ என்று அறிவித்தவர். 2024 ஜூலையில் கூ கடையைச் சாத்திவிட்டது. இதில் மந்திரியின்மீது குற்றமில்லை. வியாபாரத்தில் லாபநஷ்டம் சகஜம். ஆனால் அன்று அவர் சேர்ந்ததாகப் படித்தவன் இன்றும் அந்தச் செய்தியைத் தேதி பாராமல் அனுப்பினால், இல்லாத வீட்டுக்கு விருந்தினரை அனுப்பியவனாவான். மற்றொன்றையும் நேயர்கள் ரசிக்கலாம். கூவில் சேர்ந்த அறிவிப்பு ட்விட்டரிலேயே வந்தது. அரட்டையில் சேர்ந்த அறிவிப்பு அதே தளத்தில், எக்ஸ் என்று அது பெயர் மாறிய பின் வந்தது. அந்நியச் சந்தையில் நின்றுகொண்டுதான் சுதேசிக் கடைக்குத் தமுக்கடிக்க வேண்டியிருக்கிறது. சேர்ந்தவர் பழைய இடத்தை விட்டுவிட்டார் என்று பொருளில்லை என்பதற்கு இதைவிட நல்ல ருசு எது?

இவ்வளவையும் சர்க்காரே பார்த்துச் சொல்லிவிடக் கூடாதா என்று சிலர் கேட்கலாம். சொல்லட்டும், அது ஒரு தரப்பின் சாட்சியாக இருக்கட்டும். தீர்ப்பாக இருக்கக் கூடாதென்று நியாயஸ்தலமே கூறியிருக்கிறது. தன் காரியங்களைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒரு சரிபார்ப்புக் குழுவுக்குத் தருவதற்கு மத்திய சர்க்கார் 2023 ஏப்ரலில் விதிகளைத் திருத்திற்று. 2024 மார்ச் 20-ஆம் தேதி அக்குழுவை அறிவித்தது. மறுநாளே சுப்ரீம் கோர்ட்டு அதை நிறுத்தி வைத்தது. அவ்வருஷம் செப்டம்பர் 20-ஆம் தேதி, இரு நீதிபதிகள் வேறுபட்ட வழக்கில் மூன்றாவதாக விசாரித்த பம்பாய் ஹைகோர்ட்டு நீதிபதி சந்தூர்க்கர் அத்திருத்தம் அரசியல் சட்டத்துக்கு விரோதமென்று தீர்ப்பளித்தார். தமிழ்நாட்டு சர்க்காரும் 2023-இல் தனக்கென்று ஒரு சரிபார்ப்புக் குழு அமைத்தது. அதற்கும் நாம் சொல்லுவது இதுவே. மந்திரி சேர்ந்தாரா என்ற கேள்விக்கு மந்திரிசபையின் குழு சொல்லும் பதிலைப் படிக்கலாம். படித்தபின் மந்திரியின் சொந்த வாக்கியத்தையும் போய்ப் பார்க்கவேண்டும்.

விருதுநகர்த் தொகுதியில் 2024 பார்லிமெண்டுத் தேர்தலின் முடிவு 4,379 வாக்குகளில் நின்றது. இத்தகைய தொகுதியில் சேர்ந்தார், விலகினார், சந்தித்தார், கைகுலுக்கினார் என்ற ஒற்றை வரிகள் எவ்வளவு பாரம் உடையவை என்பது தேர்தல் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். எதிர்க்கட்சிக்காரன் பொய் சொன்னால் நம் தொண்டர்கள் இரவோடிரவாக ஆராய்ந்து பிடித்துவிடுகிறார்கள். நம் தலைவரைப் புகழும் வரி வந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். சிவகாசியைக் ‘குட்டி ஜப்பான்’ என்று பண்டித நேரு அழைத்தார் என்று நாமும் பலமுறை மேடையில் சொல்லியிருக்கிறோம். எந்த நாள், எந்தக் கூட்டம் என்று ஒருவர் எழுந்து கேட்டால், உடனே பதில் சொல்லக் கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

தவறான செய்தியை ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்களுக்கு ஒரு வேலை பாக்கியிருக்கிறது. பேசாமல் அதை அழித்துவிடுவது போதாது; பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். எந்தெந்தக் குழுவுக்குப் போயிற்றோ அந்தந்தக் குழுவுக்கே திருத்தமும் போகவேண்டும். அது நீளமாக இருக்கவேண்டியதில்லை. மேலே சொன்ன உதாரணத்துக்கு இவ்வளவு போதும்: ‘உள்துறை மந்திரி அரட்டையில் சேர்ந்தாரென்று நான் அனுப்பியது தவறு. 2025 அக்டோபர் 8-ஆம் தேதி அவர் அறிவித்தது தமது மின்தபால் ஜோஹோவுக்கு மாறியதை மட்டுமே. வாட்ஸாப் நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.’ கீழே அனுப்பியவருடைய சொந்தப் பெயர்.